சீனத் துறைமுகத்தில் ஒரு சிவாலயம்

திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் விருத்தாசலத்தில், பழமலைநாதர் பெரியநாயகியுடன் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலை அடுத்து மணிமுத்தாறு ஓடுகிறது. சுந்தரமூர்த்தி நாயனார் இப்பெருமானைப் பாடி 12,000 பொன் பெற்றதும், அதனைத் திருவாரூருக்குக் கொண்டு சேர்க்க வழி வேண்டி நின்றதும், "இந்த ஆற்றில் இட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்" என்று இறைவன் திருவாய் மலர்ந்தருளியதும் அன்பர்கள் அறிந்த வரலாறு. நாயனார் அடையாளத்துக்காகப் பொன்னில் சிறிது வெட்டி வைத்துக்கொண்டு மீதியை ஆற்றில் இட்டார். கமலாலயத்தில் இறங்கித் தேடியபோது பொன் உடனே கைக்கு அகப்படவில்லை. பரவையார் கரையில் காத்திருக்க, நாயனார் பாடிப் பாடித் தேடினார். கிடைத்த பொன்னின் மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு மீண்டும் பாடினார், மாற்று நிறைந்தது. "ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது" என்று உலகியலில் கேலியாகச் சொல்லப்படும் செயல், அடியார் ஒருவரின் வாழ்வில் உண்மையாகவே நிகழ்ந்தது. ஓரிடத்தில் இட்டது வேறிடத்தில் கிடைக்கும். ஆனால் தேடுகிறவன் வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

அத்தகைய ஒரு தேடலின் கதை, விருத்தாசலத்திலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில், சீன நாட்டின் கீழைக் கடற்கரையில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே சிவலிங்கம் இருக்கிறது, திருமால் இருக்கிறார், மடி சுரந்து பால் பொழியும் பசு இருக்கிறது, மலர் சாற்றும் யானை இருக்கிறது. அவற்றை அங்கே பிரதிட்டை செய்தவர்கள் நம் தமிழர்.

களிமண்ணால் உறவான இரண்டு ஊர்கள்

விருத்தாசலமும் அதனை ஒட்டிய நல்லூர் வட்டாரமும் இன்று பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்கே பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் கல்வி நிலையமும் உண்டு. சூளையில் வெந்து வெளிவரும் அகல் விளக்குகளும் கொலுப் பொம்மைகளும் கார்த்திகைக்கும் நவராத்திரிக்கும் பல ஊர்களுக்குச் செல்கின்றன. இத்தொழிலில் வேண்டப்படும் வெண்ணிற மண்ணுக்குச் 'சீனக்களிமண்' என்றே பெயர். படிகாரத்துக்குச் 'சீனக்காரம்' என்றும், சர்க்கரைக்குச் 'சீனி' என்றும், பட்டுக்குச் 'சீனப்பட்டு' என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். சீனத்தோடு அவர்களுக்கு இருந்த பழக்கம் வீட்டுச் சொற்களிலேயே தங்கிவிட்டது.

சீன நாட்டின் புஜியான் மாகாணத்தில் குவான்சோ என்றொரு நகரம் உண்டு. அதன் ஆளுகைக்கு உட்பட்ட தெகுவா என்னும் மலைப்பகுதி, பால் போன்ற வெண்பீங்கானுக்கு உலகப் புகழ் பெற்றது. கருணையின் வடிவாகச் சீனர் வணங்கும் குவான்யின் தேவியின் திருவுருவங்களைத் தெகுவாவின் கைவினைஞர் நூற்றாண்டுகளாக வடித்து வருகின்றனர். இங்கே அகலும் பொம்மையும்; அங்கே தேவியின் திருவுருவம். மண்ணைத் தெய்வத்துக்கு ஆக்கும் தொழில் இரண்டு ஊர்களுக்கும் பொது.

அந்தக் குவான்சோ நகரில்தான், முன்னே சொன்ன அருங்காட்சியகம் இருக்கிறது. 1959-இல் தொடங்கப்பெற்ற குவான்சோ கடல்சார் அருங்காட்சியகம் அது. ஊரின் பழம்பெருமை, அவ்வூரிலிருந்து கடல் கடந்து சென்ற சீனரின் நினைவு, கடல் கடந்து அவ்வூருக்கு வந்து தங்கிய பிற நாட்டாரின் நினைவு ஆகியவற்றைப் பேணிக் காப்பதில் அந்நகரம் தனி அக்கறை காட்டுகிறது.

வணிகர் சென்ற வழி

நடுக்காலத்தில் குவான்சோ, உலகின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. மேலை நாட்டார் அதனைச் 'சைத்தூன்' என்று அழைத்தனர். மார்க்கோ போலோ 1292-ஆம் ஆண்டளவில் தாயகம் திரும்பக் கப்பல் ஏறியது அங்கிருந்துதான். அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த இபன் பதூதாவும் அத்துறைமுகத்தைக் கண்டு வியந்து எழுதினார்.

தமிழருக்கும் சீனருக்கும் தொடர்பு அதற்கும் முந்தியது. முதலாம் இராசராச சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சீனப் பேரரசரின் அவையை அடைந்தது. இராசேந்திர சோழன் காலத்தில் 1033-இல் ஒரு குழுவும், முதற் குலோத்துங்கன் காலத்தில் 1077-இல் 72 பேர் கொண்ட ஒரு குழுவும் சென்றன. கடைசிக் குழுவினர் கொண்டு சென்ற பொருள்களுக்கு ஈடாக 81,800 சரம் செப்புக் காசுகள் கொடுத்தனுப்பப்பட்டதாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. அரசர் அனுப்பிய தூதுக்கு முன்னும் பின்னும் வணிகர் சென்றனர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் குழுவினர் சயாமிலும் சுமத்திராவிலும் பர்மாவிலும் தமிழ்க் கல்வெட்டுகளை விட்டுச் சென்றிருக்கின்றனர். சுமத்திராவின் பாரூசில் கிடைத்த கல்வெட்டு 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வழியின் கீழைக் கோடியில் இருந்தது குவான்சோ.

1974-இல் குவான்சோவின் கடற்கரைச் சேற்றிலிருந்து ஒரு பழங்கப்பலை அகழ்ந்தெடுத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்கிய கப்பல் அது. குறுக்குப் பலகைகளால் 13 அறைகளாகப் பகுக்கப்பட்டிருந்த அதன் வயிற்றில் நறுமண மரக்கட்டைகளும், குங்கிலிய வகையும், பாக்கும், சோழியும், மிளகும் கிடைத்தன. 700 ஆண்டுகள் சேற்றில் கிடந்த மிளகைக் காண்கிறவர்க்கு, அக்காலத்துக் கடல் வணிகம் ஏட்டுச் செய்தியாகத் தோன்றாது.

யானையும் பசுவும் வழிபடும் கற்கள்

வணிகர் காற்றுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஒரு பருவக்காற்றில் சென்றால், எதிர்க்காற்று எழும் வரையில் அயலூரில் தங்கியே ஆக வேண்டும். சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கினர். வீடு கட்டினர்; பண்டகசாலை கட்டினர். கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்பது தமிழர் கொள்கை ஆயிற்றே. ஆகவே கோயிலும் கட்டினர்.

அக்கோயில் இன்று இல்லை. அதன் உறுப்புகள் மட்டுமே உள்ளன. குவான்சோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த இந்து சமயச் சிற்பங்களும் கட்டடக் கற்களும் 300-க்கு மேற்பட்டவை. அவற்றுள் சிறந்தவை கடல்சார் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளன.

ஒரு பலகைக் கல்லில் சிவலிங்கம். அதன் முன்னே ஒரு யானை துதிக்கையை உயர்த்தி மலரைச் சாற்றுகிறது. திருவானைக்காவின் தலவரலாற்றை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்றொரு கல்லில் ஒரு பசு சிவலிங்கத்தின் மேல் தானே பால் சொரிகிறது. பசு பால் சொரிந்த இடத்தில் பெருமான் வெளிப்பட்டான் என்னும் வரலாறு நம் நாட்டில் எத்தனையோ ஊர்களுக்கு உண்டு. தம் ஊர்ப் பெருமானின் கதையை மறவாதவர்கள், அதனை அயல்மண்ணின் கல்லிலும் செதுக்கச் செய்தனர். நான்கு திருக்கரங்களுடன் தாமரைப் பீடத்தில் நின்றருளும் திருமாலின் திருவுருவமும் அங்கே உள்ளது. சைவரும் வைணவரும் ஒரே துறையில் இறங்கி, ஒரே ஊரில் தத்தம் தெய்வத்தை வழிபட்டிருக்கின்றனர்.

கற்கள் சீன மண்ணுக்கு உரியவை. தூண், போதிகை, கோட்டம், தோரணம் ஆகியவற்றின் அமைப்போ சோழநாட்டு மரபைச் சேர்ந்தது. முகங்களிலும் மேகங்களிலும் பூவேலையிலும் சீனச் சாயல் படிந்திருக்கிறது. தமிழர் அமைப்பைச் சொல்ல, உள்ளூர்ச் சிற்பிகள் தம் கைப்பழக்கத்தோடு செதுக்கினர் என்று அறிஞர் கருதுகின்றனர். சீனச் சிற்பி ஒருவன், தான் ஒருபோதும் காணாத காவிரிக்கரைக் கோயிலைப் பிறர் சொல்லக் கேட்டு உருவாக்கினான் என்று எண்ணும்போதே உள்ளம் உருகுகிறது.

சித்திரை மாதத்துச் சித்திரை நாள்

இக்கோயிலைக் கட்டியவர் யார், எப்போது கட்டினார் என்பதைச் சொல்ல ஒரு கல்வெட்டு எஞ்சியிருப்பது பெருமானின் திருவருள் என்றே சொல்ல வேண்டும். 1956-இல் குவான்சோவில் கண்டெடுக்கப்பட்ட அக்கல்வெட்டு தமிழில் அமைந்தது. இறுதி வரி சீன எழுத்தில் உள்ளது.

சகம் 1203-ஆம் ஆண்டு சித்திரை மாதத்துச் சித்திரை நாள் என்பது அதில் குறிக்கப்பட்ட காலம். ஆங்கில ஆண்டுக் கணக்கில் அது 1281 ஏப்ரல். சித்திரைத் திங்களில் சித்திரை விண்மீன், முழுநிலவை ஒட்டி வரும் என்பது அன்பர்களுக்குத் தெரியும். சீனத் துறைமுகத்தில் இருந்தபடியே நம் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்திருக்கின்றனர். தவச்சக்கரவர்த்தி என்னும் சிறப்புப் பெயர் பூண்ட சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் ஆணைப்படி, கானின் திருமேனி நலம் பெறும் பொருட்டு, இறைவனை அங்கே எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. இறைவனின் திருநாமத்தைத் திருக்கதலீசுவரமுடைய நாயனார் என்று அறிஞர் படித்திருக்கின்றனர்.

கான் என்பவர் அப்போது சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான். தமிழகத்தில் அதுபோழ்து மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்தான். சோழர் ஆட்சி முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தாயகத்தில் முடி மாறியது. குவான்சோவிலும் பழைய சோங் மரபு வீழ்ந்து புதிய அரசு வந்திருந்தது. இரண்டு கரையிலும் நிலைமாற்றம் நேர்ந்த காலத்தில், சம்பந்தப் பெருமாள் இறைவனை நிலைநிறுத்தினார். தமக்கு இடம் கொடுத்த அரசனின் நலத்தை முதலில் வேண்டினார். வேற்று நாட்டில் வாழ்வோர் கைக்கொள்ள வேண்டிய நன்றியுணர்வு அதில் விளங்குகிறது.

இக்கல்வெட்டு இப்போது குவான்சோவில் இல்லை. அருகிலுள்ள சியாமென் நகரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியல் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது.

புத்தர் கோயிலில் கண்ணன்

குவான்சோவின் மேலைப் பகுதியில் கையுவான் பௌத்தக் கோயில் இருக்கிறது. அது 686-ஆம் ஆண்டு தோன்றியதாகக் கூறுவர். அவ்விடம் முதலில் ஒருவரின் முசுக்கொட்டைத் தோட்டமாக இருந்ததாம். கோயிலுக்கு நிலம் வேண்டிய துறவியிடம், "இம்மரங்களில் வெண்டாமரை மலர்ந்தால் தருகிறேன்" என்றாராம் உரியவர். மரங்களில் வெண்டாமரை மலர்ந்தன. நிலமும் கோயிலுக்கு ஆனது. அப்பழைய முசுக்கொட்டை மரம் இன்றும் போற்றப்படுகிறது. தலவிருட்சத்தை வலம் வந்து பழகிய நம்மவர்க்கு இக்கதை அயலாகத் தோன்றாது.

அக்கோயிலின் பெருமண்டபத்துக்குப் பின்புறம் செல்லும் அன்பர் வியந்து நிற்பர். அங்கே பதினாறு பட்டை கொண்ட இரண்டு கல்தூண்கள். அவற்றில் வட்டவட்டமாகச் செதுக்கிய 24 சிற்பங்கள். இரண்டு மருத மரங்களுக்கு இடையே உரலை இழுத்துச் செல்லும் குழந்தைக் கண்ணன். காளியன் தலைமேல் ஆடும் கண்ணன். ஆய்ச்சியர் ஆடையைக் கவர்ந்து மரமேறிய கண்ணன். இரணியனை மடியில் கிடத்திய நரசிங்கப் பெருமான். யானைக்கு அருள் செய்யக் கருடன் மேல் வந்த திருமால். மண்டபத்தின் முன்னே உள்ள மேடையின் அடித்தளத்திலும் சிங்க உருவங்களும் மனிதமுகச் சிங்க உருவங்களும் செதுக்கிய 70-க்கும் மேற்பட்ட பலகைக் கற்கள் அணிவகுத்துள்ளன. அழிந்த கோயிலின் கற்களைப் பிற்காலத் திருப்பணியின்போது பௌத்தர் தம் கோயிலில் பொருத்திக்கொண்டனர். கண்ணன் முகத்தைச் சிதைக்காமல், மறைக்காமல், காணத்தக்க இடத்தில் நிறுத்தினர்.

குவான்சோவை அடுத்த சிடியான் என்னும் சிற்றூரில் ஒரு சிறு கோயில். அங்கே நான்கு கரங்களுடன் அமர்ந்த ஒரு பெண் தெய்வத்தின் கற்சிலை. தமிழர் வழிபாட்டுக்கு உரிய தேவியின் உருவம் அது என அறிஞர் கூறுவர். ஊராரோ அதனைக் குவான்யின் என்று வணங்குகின்றனர், ஊதுவத்தி ஏற்றுகின்றனர், கனி படைக்கின்றனர். பெயர் மாறினும் வழிபாடு நின்றுவிடவில்லை. அன்னைக்கு அது குறையாகுமா?

மதிலுக்குள் மறைந்த தெய்வங்கள்

சம்பந்தப் பெருமாளின் கோயில் நூறாண்டு நிலைத்திருக்கவில்லை. மங்கோலியர் ஆட்சியின் இறுதியில், 1357 முதல் 1366 வரை, குவான்சோவில் கடுங்கலகம் மூண்டது. அயல்நாட்டார் பலர் மாண்டனர், எஞ்சியோர் சிதறினர். அவர்களின் வழிபாட்டு இடங்கள் பாழாயின. அடுத்து வந்த மிங் மரபினரின் காலத்தில் கடல் வணிகத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. துறைமுகமும் மண்மேடிட்டுத் தளர்ந்தது. தமிழ் வணிகர் மீண்டும் வரவில்லை. தங்கியவர்கள் ஊராரோடு ஊராராய்க் கலந்துவிட்டனர். கோயிற் கற்கள் நகர மதிலுக்கும் பாலங்களுக்கும் வீட்டுச் சுவர்களுக்கும் பயன்பட்டன. யானை வழிபட்ட லிங்கத்தை அடையாளம் கண்டு சொல்ல அவ்வூரில் ஒருவரும் இல்லாத நிலை வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், சாலை அமைக்கவும் பிறவற்றுக்கும் அம்மதிலை இடித்தனர். அப்போது உள்ளிருந்து பழங்கற்கள் வெளிப்பட்டன. அவற்றைக் கல்தச்சர் வேறு வேலைக்கு உடைத்துப் பயன்படுத்த முற்பட்டனர். அந்நகரில் வூ வென்லியாங் என்றோர் ஆசிரியர் இருந்தார். பள்ளியில் உயிரியல் கற்பித்தவர். தொல்லியல் அவர் தொழிலன்று. இந்து சமயமும் அவர் சமயமன்று. எனினும் இக்கற்கள் எவருக்கோ உரிய தெய்வத்தின் உருவங்கள் என்பதை உணர்ந்தார். இடித்த இடந்தோறும் சென்றார். உடைக்க இருந்தவற்றைத் தம் கைப்பொருளைக் கொடுத்து வாங்கினார். வீட்டில் சேர்த்து வைத்தார். போர்க்காலத்தின் இன்னல்களுக்கு இடையிலும் அத்தொண்டை அவர் விட்டுவிடவில்லை. பின்னர் தாம் திரட்டியவற்றை நாட்டுக்கு அளித்தார். குவான்சோவின் சமயச் சிற்பங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1957-இல் வெளிவந்தது. அவர் மகனும் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். இன்று அருங்காட்சியகத்தில் யானையும் பசுவும் வழிபடும் காட்சியைக் காண்கிறோம் என்றால், அதற்கு அந்த ஆசிரியரே முதற்காரணர்.

சம்பந்தப் பெருமாள் ஆற்றில் இட்ட பொன்னை, அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பின் குளத்தில் இறங்கித் தேடி எடுத்தவர் அவர்.

இக்கரையில் அவர்கள் விட்டுச் சென்றவை

தமிழர் அங்கே சென்றது போலவே சீனரும் இங்கே வந்தனர். குவான்சோவிலிருந்து கடற்பயணம் மேற்கொண்ட வாங் தாயுவான் என்பவர் 1349-ஆம் ஆண்டளவில் ஒரு நூல் எழுதினார். சமவெளியில் மரங்கள் சூழ நின்ற ஒரு செங்கற் கோபுரத்தை அதில் குறிப்பிடுகிறார். அதில் சீன எழுத்துகளில் 1267-ஆம் ஆண்டுக்கு உரிய காலக்குறிப்பு இருந்தது என்கிறார். அவ்விடம் நாகப்பட்டினமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்கே நெடுங்காலம் நின்ற பழைய செங்கற் கோபுரம் ஒன்று 1867-இல் இடிக்கப்பட்டது. தமிழ்க் கடற்கரையில் சீனர் கோபுரம் எழுப்பிப் பதினான்கே ஆண்டுகளில், சீனக் கடற்கரையில் தமிழர் சிவாலயம் எழுப்பினர் என்பது இவ்விரண்டு காலக்குறிப்புகளாலும் விளங்குகிறது. ஒன்று அழிந்தது, மற்றதன் கற்கள் காக்கப்பட்டன.

இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987-இல் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் புஜியான் மாகாணத்துச் சூளைகளில் வெந்தவையும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும் சீனப் பீங்கான் கிடைத்துள்ளது. பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பகுதிகளில் சீனக் காசுகள் புதையலாக வெளிப்பட்டன.

இலங்கையின் காலி நகரில் 1911-இல் ஒரு கல் கிடைத்தது. நீர் ஓடும் கால்வாய்க்கு மூடுகல்லாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது அது. புரட்டிப் பார்த்தால் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் எழுத்துகள். 1409-ஆம் ஆண்டுக் காலக்குறிப்புடன், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நாட்டுவித்த கல் அது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமியர் வழிபடும் இறைவனுக்கும் அளித்த பொன்னையும் வெள்ளியையும் பட்டையும் எண்ணெயையும் கணக்கிட்டுச் சொல்கின்றன. தேனாவரை என்பது இலங்கையின் தென்கோடியில் திருமால் எழுந்தருளியிருந்த தலம். சீனப் பேரரசர் நம் பெருமாளுக்குக் காணிக்கை செலுத்தி, அதனைத் தமிழிலேயே எழுதுவித்தார். அக்கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

கடல் கடந்த சீனர்

பிற்காலத்தில் குவான்சோ மக்களும் அதன் அண்டை ஊராரும் பிழைப்பு நாடித் தென்கடல் நாடுகளுக்குச் சென்றனர். சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் வாழும் சீனர் பலருக்கு அப்பகுதியே பூர்விகம். அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணத்தோடு கடிதமும் இணைந்தே வரும். பெற்றோர் நலம், பிள்ளைகளின் படிப்பு, முன்னோர் வழிபாட்டுக்கான செலவு எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அத்தகைய கடிதங்களை 2013-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணத்தைவிட அவன் எழுதும் நான்கு வரிக்குக் காத்திருந்த தமிழ்த் தாய்மார்க்கு அக்கடிதங்களின் அருமை புரியும்.

அவ்வாறு சென்றவர்களில் டான் கா கீ என்பவர் சிங்கப்பூரில் ரப்பர் தொழிலால் பெருஞ்செல்வர் ஆனார். ஈட்டியதைப் பிறந்த மண்ணுக்குக் கல்வியாகத் திருப்பிக் கொடுத்தார். 1921-இல் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். கடல் கடந்த சீனரின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்றையும் சியாமெனில் அவர் முயன்று அமைத்தார். அது 1959-இல் திறக்கப்பெற்றது. குவான்சோவிலும் அத்தகைய அருங்காட்சியகம் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற சம்பந்தப் பெருமாளின் கல்வெட்டு, சீனத்திலிருந்து கடல் கடந்து சென்ற ஒருவர் நிறுவிய பல்கலைக்கழகத்தில்தான் இன்று பாதுகாப்பாக இருக்கிறது. பிரிந்து சென்றவனின் அருமையை, பிரிந்து சென்றவனே அறிவான் போலும்.

சிங்கப்பூரில் வாட்டர்லூ தெருவில் குவான்யின் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அருகருகே இருக்கின்றன. அன்னையை வணங்கிவிட்டு வரும் சீனர், கண்ணன் கோயில் வாயிலிலும் நின்று ஊதுவத்தி ஏற்றிக் கைகூப்பிச் செல்வது அங்கே அன்றாடக் காட்சி. பினாங்கில் தைப்பூசத்தன்று வெள்ளித்தேர் வரும் வழியில் சீனர் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கின்றனர். குவான்சோவில் தொடங்கிய நட்பு வேறொரு துறைமுகத்தில் தொடர்கிறது.

அன்பர்கள் செய்யத்தக்கது

சீனத்துக்குச் சென்று இவற்றைக் காணும் வாய்ப்பு எல்லார்க்கும் அமைவதில்லை. வாய்ப்புள்ளவர்கள், அல்லது அப்பக்கம் பணிபுரியும் பிள்ளைகளை உடையவர்கள், சியாமென் நகரை அடைந்து அங்கிருந்து விரைவு ரயிலில் குவான்சோ செல்லலாம். ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடும் தொலைவுதான். கடல்சார் அருங்காட்சியகம் கிழக்கு ஏரிக்கு அருகிலும், கையுவான் கோயில் பழைய நகரின் மேலைத் தெருவிலும் உள்ளன. 2021-இல் குவான்சோவின் 22 பழம்பெரும் இடங்கள் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன; கையுவான் கோயிலும் அவற்றுள் ஒன்று.

இங்கேயே இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒவ்வோர் ஊர்க் கோயிலிலும் அதிட்டானத்தில், சுவரில், தூணில் எழுத்துகள் இருக்கின்றன. விளக்குக்கு ஆடு விட்டவர், நந்தவனத்துக்கு நிலம் விட்டவர், திருப்பதிகம் பாட நெல் அளந்தவர் என்று எத்தனையோ அடியார்களின் பெயர் அவற்றில் உண்டு. திருப்பணி என்னும் பெயரில் அவற்றின்மேல் சுண்ணாம்பும் வண்ணமும் பூசப்படுவதையும், மணலை வீசிக் கல்லைத் தூய்மை செய்யும்போது எழுத்துகள் தேய்ந்துபோவதையும், பெயர்த்த கற்கள் துணி துவைக்கும் கல்லாக ஆவதையும் முதியோர் பலர் தம் கண்ணாலேயே கண்டிருப்பர். நம் மொழி அறியாத ஓர் ஆசிரியர், நம் தெய்வத்தின் கல்லைக் கைப்பொருள் கொடுத்துக் காத்தார். நம் மொழியும் தெய்வமும் அறிந்த நாம், நம் ஊர்க் கல்லைக் கைவிடுவது முறையாகாது. திருப்பணி தொடங்கும் முன் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்வதும், கேட்பாரற்றுக் கிடக்கும் எழுத்துக் கல்லைப் புரட்டி நிமிர்த்தி ஓரிடத்தில் வைக்கச் செய்வதும் சிவபுண்ணியமே. ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னால் திருப்பணிக் குழுவினர் கேட்பர்.

திருக்கதலீசுவரமுடைய நாயனாருக்கு இன்று அங்கே அபிடேகம் இல்லை. ஆறுகால பூசையும் இல்லை. எனினும் சம்பந்தப் பெருமாள் குறித்து வைத்த நாள் ஆண்டுதோறும் வருகிறது. சித்திரைத் திங்களில் சித்திரை விண்மீன் கூடும் மாலையில் தம் ஊர்ச் சிவாலயத்தில் விளக்கிடும் அன்பர்கள், கடல் கடந்து எழுந்தருளிய அந்நாயனாரையும் நினைந்து மற்றோர் அகலை ஏற்றலாம்.